குறைந்த செலவில் இசைத்தட்டு கழுவ மீயொலித் தொட்டி: எதை வாங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் சேர்த்து வைத்திருந்த ஏறக்குறைய 200 எல்பி இசைத்தட்டுகள் இப்போது என் பொறுப்பில் உள்ளன. பல ஆண்டுகள் பெட்டிக்குள்ளேயே கிடந்ததால் அவற்றில் தூசி, விரல் கறை, ஆங்காங்கே பூஞ்சைத் திட்டு எல்லாம் படிந்திருக்கின்றன. மென்தூரிகையாலும் ஈரத்துணியாலும் துடைத்துப் பார்த்தேன். மேற்பரப்பு பளபளக்கிறது, ஆனால் ஊசி வைத்தால் பொரிவது போன்ற ஓசை குறையவே இல்லை.

ஆகவே மீயொலி முறையில், அதாவது காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியால் நீரை அதிர வைத்துக் கழுவும் கருவி ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். ஆயத்தமாக விற்கப்படும் உயர்தரக் கருவிகள் என் சக்திக்கு எட்டாதவை. கண்ணாடி, நகை கழுவுவதற்கான சிறு தொட்டி, ஆய்வகங்களிலும் பட்டறைகளிலும் பயன்படும் 6 லிட்டர் தொட்டியோடு தட்டைச் சுழற்றும் மோட்டார், இசைத்தட்டுக்கென்றே செய்யப்பட்ட மலிவான கருவி என்று மூன்று வழிகள் என் முன் உள்ளன.

தயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. தெரிந்தவர் ஒருவரிடம் 6 லிட்டர் தொட்டியை இரவல் வாங்கி, மூன்று தட்டுகளைக் கழுவிப் பார்த்தேன். அது 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் தொட்டி. மோட்டார் நிமிடத்துக்கு 5 சுற்று சுற்றும். குழாய் நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டுகள் விட்டு, வெப்பத்தை 50 டிகிரியில் வைத்து, 10 நிமிடம் ஓட்டினேன். பிறகு தட்டுகளை நிறுத்தி வைத்துக் காயவிட்டேன். பெரிய வெடிப்புகள் குறைந்தன. ஆனால் முன்பு இல்லாத ஒரு தொடர்ச்சியான சரசரப்பு புதிதாக வந்துவிட்டது. ஊசி முனையில் வெண்சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டுகிறது. தொட்டிதான் தட்டைக் கெடுத்துவிட்டதா, அல்லது நான் செய்த முறையில் பிழையா?

முதல் பதில்

வணக்கம். வாங்குவது இருக்கட்டும், முதலில் அந்த மூன்று தட்டுகளைக் கவனிப்போம். நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது தட்டு கெட்டுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அழுக்கு கிளம்பியிருக்கிறது, ஆனால் வெளியேறவில்லை. தொட்டி நீரில் கரைந்தும் மிதந்தும் இருந்த அழுக்கு, சோப்பு, குழாய் நீரின் சுண்ணாம்பு உப்பு மூன்றும் நீர் உலர்ந்தபோது ஊசி ஓடும் வரிப்பள்ளத்துக்குள்ளேயே மெல்லிய படலமாகத் தங்கிவிட்டன. ஊசி முனையில் ஒட்டுவது அந்தப் படலம்தான்.

மீயொலி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொன்னால் இது விளங்கும். தொட்டியின் அடியில் ஒட்டப்பட்ட டிரான்ஸ்டியூசர்கள், அதாவது மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் பாகங்கள், நீரை நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர வைக்கின்றன. அழுத்தம் குறையும் கணத்தில் நீருக்குள் நுண்குமிழ்கள் தோன்றி, அழுத்தம் கூடும் கணத்தில் உள்நோக்கி நொறுங்குகின்றன. அந்த நொறுங்கலில் எழும் நுண்ணிய நீர்த்தாரைதான் தூரிகையின் மயிர் நுழைய முடியாத வரியின் அடிவரை சென்று அழுக்கைப் பெயர்க்கிறது. பெயர்ப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது; பெயர்த்ததை வெளியேற்றுவது அலசலின் வேலை.

ஒரே ஒரு தட்டை மட்டும் எடுத்து, லேபிளில் நீர் படாமல், இரு பக்கமும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றித் தாராளமாக அலசுங்கள். தூய்மையான நுண்ணிழைத் துணியால் வரியின் போக்கிலேயே ஒற்றியெடுத்துக் காயவிட்டு, ஊசியையும் துடைத்துவிட்டுக் கேளுங்கள். சரசரப்பு குறைந்தால் காரணம் உறுதியாகிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 50 டிகிரி வேண்டவே வேண்டாம். எல்பி தட்டு வினைல் குளோரைடு, வினைல் அசிடேட் கூட்டுப் பலபடி என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. வெப்பத்தில் எளிதில் வளையும். நான் 35 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை. வெப்பமூட்டியை அணைத்து வைத்திருந்தாலும் மீயொலியே நீரைச் சூடாக்கும் என்பதால், ஒரு வெப்பமானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடையிடையே தொட்டிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

இரண்டாம் பதில்

மேலே சொல்லப்பட்டதோடு முழுமையாக உடன்படுகிறேன். தொட்டியின் தேர்வைப் பற்றி நான் எழுதுகிறேன். அதிலே பெரும்பாலானோர் விளம்பரத்தில் உள்ள வாட் கணக்கைப் பார்த்து ஏமாறுகிறார்கள், பார்க்க வேண்டியது அளவுகளை.

கண்ணாடி கழுவும் சிறு தொட்டியை இப்போதே விலக்கிவிடலாம். 30 செ.மீ. விட்டமுள்ள தட்டு அதில் இறங்காது. எவ்வளவு பெரிய தொட்டி தேவை என்பதைக் கணக்கிட்டே அறியலாம். லேபிளின் ஆரம் 50 மி.மீ.; அது நனையக் கூடாது என்பதால் நீர்மட்டம் தட்டின் மையத்திலிருந்து ஏறக்குறைய 53 மி.மீ. கீழே நிற்க வேண்டும். அந்த மட்டத்தில் தட்டின் குறுக்களவு ஏறக்குறைய 28 செ.மீ. வருகிறது. ஆகவே உட்புற நீளம் 30 செ.மீ. உள்ள தொட்டி போதும்; இரு முனையிலும் ஒவ்வொரு செ.மீ. இடம் கிடைக்கும். நீருக்குள் மூழ்கும் ஆழம் 97 மி.மீ.; அடித்தளத்துக்கும் தட்டின் விளிம்புக்கும் இடையே 2 முதல் 3 செ.மீ. விட்டால் நீரின் ஆழம் 12.5 செ.மீ. ஆகிறது. 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழம் என்று விற்கப்படும் 6 லிட்டர் தொட்டி இதற்கு அப்படியே பொருந்துகிறது. பெயரளவு லிட்டரை நம்பாமல் உட்புற அளவைக் கேட்டு வாங்குங்கள். ஏனெனில் அதே கொள்ளளவில் குட்டையாகவும் அகலமாகவும் செய்யப்பட்ட தொட்டிகளும் உண்டு, அவற்றில் தட்டு இடிக்கும்.

ஒரே நேரத்தில் எத்தனை தட்டு என்பதும் பலர் தவறும் இடம். நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1480 மீட்டர். 40 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 37 மி.மீ. தட்டுகளுக்கிடையே குறைந்தது அந்த அளவு இடைவெளி விட்டால்தான் அலை நடுவே புகுந்து வேலை செய்யும். 15 செ.மீ. அகலத்தில் மூன்று தட்டுகளே அதிகபட்சம். ஐந்து, ஆறு தட்டுகளை நெருக்கி மாட்டும் அச்சுகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் நடுவிலுள்ள தட்டுகள் நனைகின்றன, அவ்வளவுதான்.

அதிர்வெண்ணைப் பொறுத்தவரை, எண் கூடக் கூடக் குமிழ் சிறிதாகிறது, அடியும் மென்மையாகிறது. டெக்ரிட்டர் போன்ற விலையுயர்ந்த கருவி 120 கிலோஹெர்ட்ஸில் இயங்குவதற்குக் காரணம் அதுவே. 40 கிலோஹெர்ட்ஸில் குமிழ் பெரிது, வேகமும் அதிகம். ஆகவே சுழலாத தட்டை நெடுநேரம் ஒரே நிலையில் மூழ்கவிடக் கூடாது. சுழன்றுகொண்டிருக்கும் வரை கவலையில்லை. குறைந்த செலவில் கிடைப்பது பெரும்பாலும் 40தான். அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

வாட் கணக்கில் ஓர் எச்சரிக்கை. 6 லிட்டர் தொட்டியில் 60 வாட் டிரான்ஸ்டியூசர் மூன்று, ஆக 180 வாட் என்பது வழக்கமான அமைப்பு. விளம்பரத்தில் அதைவிட மிகப் பெரிய எண் இருந்தால் வெப்பமூட்டியின் வாட்டையும் அதில் சேர்த்திருக்கக்கூடும். வாங்கியதும் நீர் நிரப்பி, சமையலறை அலுமினியத் தாளின் ஒரு துண்டை நீருக்குள் செங்குத்தாக ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். தாள் முழுதும் பரவலாக நுண்துளைகளும் சுருக்கங்களும் விழுந்தால் தொட்டி நன்று. ஒரு மூலையில் மட்டும் விழுந்தால் மாற்றிக் கேளுங்கள். நீரின்றி ஒரு நொடிகூட இயக்க வேண்டாம்; டிரான்ஸ்டியூசர் பழுதாகும்.

மூன்றாம் பதில்

நான் தொட்டி, மோட்டார் என்று அமைத்து ஓராண்டு பயன்படுத்திவிட்டு, பின்னர் இசைத்தட்டுக்கென்றே செய்யப்பட்ட ஹம்மிங்குரு என்ற கருவிக்கு மாறியவன். ஆகவே மறுபக்கத்தையும் சொல்கிறேன். அதுவும் 40 கிலோஹெர்ட்ஸ்தான். ஒரு நேரத்தில் ஒரு தட்டு. தானே சுழற்றி, நீரை வடித்து, விசிறியால் உலர்த்தியும் தருகிறது. மாலையில் கேட்கப்போகும் இரண்டு தட்டுகளைக் கழுவுபவருக்கு அதைவிட வசதி வேறில்லை. ஆனால் அதன் தொட்டி மிகச் சிறியது; நீர் விரைவில் கலங்கிவிடும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். உங்களைப் போல 200 தட்டுகளை, அதுவும் பூஞ்சை படிந்தவற்றை, ஒரு மூச்சில் கழுவ வேண்டியவருக்கு 6 லிட்டர் தொட்டியே ஏற்றது என்று மனப்பூர்வமாகச் சொல்வேன். இருக்கும் தொகையை எல்லாம் தொட்டியிலேயே போட்டுவிடாமல் நல்ல மெதுவான மோட்டாருக்கும், அலசுவதற்கான இரண்டாவது பாத்திரத்துக்கும், நீரிலுள்ள நுண்ணிய அழுக்கைப் பிடிக்கும் 1 மைக்ரான் வடிகட்டிக்கும் பிரித்து வையுங்கள். என் அனுபவத்தில் ஓசையைக் குறைத்தவை அவைதாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஒரு தட்டைச் சொன்னபடியே காய்ச்சி வடித்த நீரில் இருமுறை அலசிக் கேட்டேன். சரசரப்பு பெருமளவு மறைந்துவிட்டது, ஊசியிலும் எதுவும் ஒட்டவில்லை. தந்தையாரின் தட்டைக் கெடுத்துவிட்டோமோ என்று இரண்டு நாள் சரியாக உறங்கவில்லை. இப்போதுதான் மனம் ஆறியது. 6 லிட்டர் தொட்டியே வாங்குகிறேன். மோட்டாரின் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்? நீரில் எதைக் கலப்பது? சிலர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலக்கச் சொல்கிறார்கள்.

இரண்டாம் பதில் எழுதியவர்

நிமிடத்துக்கு 5 சுற்று மிக அதிகம். தட்டு அத்தனை வேகமாக நீரைக் கிழித்துக்கொண்டு போனால் அதன் பரப்பில் குமிழ்கள் நிலைபெற்று நொறுங்க நேரம் கிடைப்பதில்லை. ஒரு சுற்றுக்கு 2 முதல் 4 நிமிடம் எடுக்கும் மோட்டார் நல்லது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தட்டின் வெளிவரி ஒரு சுற்றில் ஏறக்குறைய 38 சதவீத நேரம் நீருக்குள் இருக்கிறது. ஆனால் லேபிளை ஒட்டிய கடைசி வரி 16 சதவீதம்தான். சுழலும் வேகத்தை மாற்றினாலும் இந்த விகிதம் மாறாது. 20 நிமிடம் ஓட்டினால் வெளிவரிக்கு ஏழரை நிமிடமும் உள்வரிக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலும் கிடைக்கும். 10 நிமிடத்தில் நிறுத்திவிட்டால் பக்கத்தின் இறுதிப் பாடல் அரைகுறையாகவே கழுவப்பட்டிருக்கும். ஆகவே முழுச் சுற்றுகளாக, 15 முதல் 20 நிமிடம் ஓட்டுங்கள்.

ஆல்கஹாலைத் தவிர்த்துவிடுங்கள். திறந்த தொட்டியில், சூடாகும் நீரில், அதிர்வினால் ஆவியாகி எழும் எரிபொருளை வீட்டுக்குள் வைப்பது ஆபத்து. அது ஈரமாக்கியின், அதாவது நீர் பரப்பில் நன்றாகப் பரவ உதவும் பொருளின் வேலையைத்தான் செய்கிறது. அதற்குப் பாதுகாப்பான மாற்று இருக்கிறது. அயனியற்ற ஈரமாக்கியான டெர்ஜிட்டால் 15-எஸ்-9 என்பதை 5 லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு 2 அல்லது 3 மி.லி. கலக்கிறேன். பரப்பு இழுவிசை குறைந்து நீர் வரிக்குள் இறங்க அதுவே போதும். நுரை வந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். தட்டை இறக்குவதற்கு முன் தொட்டியை வெறும் நீரோடு 10 நிமிடம் ஓட்டி, நீரில் கரைந்துள்ள காற்றை வெளியேற்றுங்கள். காற்று இருக்கும் வரை குமிழ்களின் அடி வலுவாக இராது.

பூஞ்சை உள்ள தட்டை நேரே தொட்டியில் இறக்காமல், முதலில் கையால் கழுவிவிட்டு இறக்குங்கள். இல்லையேல் ஒரு தட்டின் பூஞ்சை மற்ற இரண்டுக்கும் போகும். பழைய உறைக்குள் திரும்ப வைக்கவும் வேண்டாம். புதிய உள்ளுறை வாங்குங்கள். உங்கள் சேகரிப்பில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் இருந்தால் அவற்றை இந்த வேலையில் சேர்க்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை அரக்கினால் ஆனவை. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரைந்துவிடும், நெடுநேரம் நீரில் ஊறுவதும் அதற்கு ஆகாது.

கேள்வி கேட்டவர்

தொட்டி வந்து மூன்று வாரம் ஆகிறது. அலுமினியத் தாள் சோதனையில் பரவலாகத் துளை விழுந்தது. ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் எடுக்கும் மோட்டார், 18 நிமிட ஓட்டம், இரண்டாவது பாத்திரத்தில் தூய நீர் அலசல், நிழலில் உலர்த்தல் என்று இதுவரை 42 தட்டுகள் முடிந்தன. பெரும்பாலானவற்றில் பாடலுக்கு முந்தைய அமைதியே வேறாகக் கேட்கிறது. தந்தையார் அடிக்கடி கேட்ட ஒரு தட்டில் மட்டும் முழுப் பயன் கிடைக்கவில்லை. பொரிவு போய்விட்டது, ஆனால் உச்சக் குரலில் ஒரு கரகரப்பு, குறிப்பாகப் பக்கத்தின் இறுதியில், அப்படியே இருக்கிறது. இருமுறை கழுவியும் பயனில்லை.

முதல் பதில் எழுதியவர்

அதை மூன்றாம் முறை கழுவ வேண்டாம். பொரிவு போய், உச்சக் குரலோடு சேர்ந்தே கரகரப்பு மட்டும் நிற்கிறது என்றால் அது அழுக்கு அன்று, தேய்மானம். முன்பு தேய்ந்த ஊசியிலோ, ஊசி அதிக எடையோடு அழுத்தியோ பலமுறை ஓடியதால் வரிச்சுவர் தேய்ந்திருக்கும். பக்கத்தின் இறுதியில் ஒரு சுற்றின் நீளம் குறைந்து அலைகள் நெருங்கிவிடுவதால் தேய்மானம் அங்கேதான் முதலில் கேட்கும். எந்தத் தொட்டியும் அதைத் திருப்பித் தராது. ஆனால் வேறு முனை வடிவமுள்ள ஊசி ஒன்றை யாரிடமாவது இரவல் பெற்று அந்தத் தட்டை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வழக்கமான உருண்டைக் கூம்பு முனை தேய்த்துச் சென்ற இடத்துக்குக் கீழோ மேலோ, மெல்லிய கோடாக வரியைத் தொடும் நுண்கோட்டு முனை வரிச்சுவரின் தேயாத பகுதியைத் தொடுவதுண்டு. அப்படிச் சில தட்டுகள் எனக்குத் தெளிவாகக் கிடைத்திருக்கின்றன.