அத்தை திருத்திக் கொடுத்த கதை

பிள்ளையார்பட்டிப் பக்கத்திலிருந்து:

வீட்டு மனிதர்கள் படும் பாட்டையும் மாடு போன்ற உயிர்கள் படும் பாட்டையும் ஒன்றாகப் பின்னிய கதைகளை எழுதிய, வாசித்த அனுபவத்தை வாசகர்களிடம் கேட்டிருந்தீர்கள். என்னுடையது, அப்படி ஒரு கதையை எழுதிக் கெடுத்த அனுபவம்.

எங்கள் ஊரிலிருந்து சிராவயல் நடந்து போகிற தூரம்தான். தை மூன்றாம் நாள் அங்கே நடக்கும் மஞ்சுவிரட்டில், ஊர்த் தலைவர்களான நாட்டார்கள் ஜவுளி எடுத்துவந்து தொழுவில் நிற்கும் மாடுகளுக்கு வேட்டி, துண்டு போட்டு மரியாதை செய்த பிறகே காளைகளை அவிழ்ப்பார்கள். அந்தத் துண்டு ஒன்று எங்கள் காளையின் கழுத்திலும் விழ வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. 2014 மே மாதம் ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டுக்கு உச்ச நீதிமன்றத்தின் தடை வந்தபோது காளை நாலு பல் போட்டு, இளங்காளையாகியிருந்தது. ஏரிலும் வண்டியிலும் பூட்டிப் பழக்காத மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் கானமும் (கொள்ளு) வாங்கிப் போட்டுக்கொண்டு, வருமா வராதா என்று தெரியாத ஒரு தைக்காக அப்பா இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்.

அதற்குள் பெரியப்பா பாகம் கேட்டார். பிரித்தபோது தொழுவம் நின்ற இடம் அவர் பங்கில் விழுந்தது. 2016 ஆவணியில் அக்காவுக்குத் திருமணம் வைத்திருந்தோம். ஆடியிலேயே காளையை விற்றுவிட்டோம். ஆறு மாதம் கழித்து, 2017 சனவரியில் சட்டத்தைத் திருத்தினார்கள். மஞ்சுவிரட்டு திரும்பி வந்தது. அப்பா அந்த ஆண்டு பொட்டல் பக்கமே போகவில்லை.

இதைத்தான் கதையாக எழுதினேன். கயிறு கைமாறும்போது காளை அப்பாவைத் திரும்பிப் பார்ப்பதாகவும், அதன் கண்ணிலிருந்து நீர் வழிவதாகவும் முடித்திருந்தேன். எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது என்பதால், நல்ல கதை என்று நம்பிவிட்டேன். பிறகு அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். மாமா இறந்தபின் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர் அவர். காளைக்குத் தண்ணீர் காட்டியதும் சாணி அள்ளியதும் அவர்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, "அழுகவெல்லாம் இல்லை மருமகனே" என்றார். "கண்ணுல ஈ மொய்ச்சு நாலு நாளாத் தண்ணி வடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, நான்தான் துணி வச்சுத் துடைச்சேன். வாங்க வந்தவன் வாளியில தவிட்டுத் தண்ணி வச்சான். ஒரே மூச்சுல குடிச்சிட்டு அவன் பின்னாலேயே போயிருச்சு. உங்கப்பாதான் அன்னைக்குச் சோறு திங்கலை."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த வாளி மனத்தை விட்டுப் போகவில்லை. தவிட்டுத் தண்ணீர் தீர்ந்த பிறகும் காளையின் நாக்கு வாளியின் அடியைச் சுரண்டுகிற அந்தச் சத்தத்தை, அப்பா நின்றுகொண்டு கேட்டிருப்பார் அல்லவா? எங்கள் வீட்டுக் கண்ணீரை எடுத்து மாட்டின் கண்ணில் வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதன்பிறகு சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலை மறுபடி படித்தேன். தன் தந்தையைக் குத்திக் கொன்ற காளை என்ற பகை, மாடு பிடிக்க வரும் பிச்சிக்கு இருக்கிறது; ஜமீன்தாரின் காளையான காரிக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் பிச்சியின் கையில் பிடிபட்ட பிறகு, ஜமீன்தாரின் மானத்துக்காகத் துப்பாக்கிக் குண்டு வாங்குவது காரிதான். மனிதர்களின் கணக்கை மாட்டின் உடம்பில் எழுதித் தீர்க்கிறார்கள் என்பதை முதல் வாசிப்பில் நான் கவனிக்கவே இல்லை. மாடு பிடிபடுகிறதா என்று பார்க்கிற அவசரத்தில் பக்கங்களைத் தாண்டியிருந்தேன்.

இரண்டாம் முறை எழுதும்போது இன்னொன்றும் தெரிந்தது. அத்தையின் கயிற்றுக் கட்டில் தொழுவத்தின் தாழ்வாரத்தில்தான் கிடந்தது. தொழுவம் பெரியப்பா பங்குக்குப் போனபோது கட்டில் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. என் முதல் பிரதியில் அத்தையே இல்லை.

தேவகோட்டையிலிருந்து:

மேலே எழுதியவரின் கருத்தோடு முக்கால் பங்கு உடன்படுகிறேன். கால் பங்குக்கு மறுப்பு உண்டு. விலங்கு அழுவதாக எழுதினாலே அது பொய் என்று ஒரு விதியாக்கிவிடக் கூடாது. வெள்ளாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான். என் தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன வாரத்தில், முகவருக்குப் பணம் கொடுக்க வாங்கிய கடனுக்காக இரண்டு குட்டிகளை விற்றோம். தாயாடு மூன்று இரவு கத்தியது. மடி கட்டிக் கல்லாகிவிட்டதால் அம்மா இருட்டில் உட்கார்ந்து பாலைப் பீய்ச்சித் தரையில் விட்டார். "உனக்கு நாலு நாளையில மறந்துரும்டி" என்று அவர் ஆட்டிடம் சொன்னதை நான் திண்ணையில் படுத்தபடி கேட்டேன்.

2016இல் வந்த பெருமாள்முருகனின் 'பூனாச்சி' நாவலை வாசித்தபோது, அந்தக் கிழவனும் கிழவியும் குட்டிக்குப் பால் புகட்டப் படும் பாட்டில் எங்கள் அம்மாவைத்தான் பார்த்தேன். அதில் ஆட்டுக்குட்டியை அரசாங்கத்தில் பதிந்து காது குத்திக்கொள்ள வேண்டும் என்று வருகிற இடத்தில், என் கணவர் இது மிகைக் கற்பனை என்றார். அரசுப் பதிவுக்காக எங்கள் பசுவின் காதில் மாட்டியிருந்த 12 இலக்க மஞ்சள் வில்லையைக் காட்டினேன். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் சொல்ல வந்தது இதுதான்: ஆடு அழட்டும், ஆனால் ஆட்டின் காரணத்துக்காக அழட்டும். எங்கள் ஆட்டுக்குத் தம்பியைப் பற்றி ஒன்றும் தெரியாது; அதற்கு மடி வலித்தது.

திருப்பத்தூரிலிருந்து (சிவகங்கை மாவட்டம்):

நான் கதை எழுதுகிறவன் அல்லன். யாராவது எழுதுவீர்கள் என்று ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டியிருக்கும் கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய் மரங்களில் தங்கும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இது பலருக்கும் தெரிந்த செய்திதான். தெரியாதது எங்கள் உறவில் நடந்தது. அந்த ஊரில் பெண் எடுத்த என் சித்தப்பா மகன், தலைதீபாவளிக்குச் சிவகாசி வெடிக்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினான். மாமனாருக்கு மாப்பிள்ளையிடம் "கூடாது" என்று சொல்ல வாய் வரவில்லை; சொல்லாமல் இருந்தால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். வரதட்சணைப் பேச்சில் ஏற்கெனவே இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல் இருந்த நேரம் அது. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையை, அப்படியே துண்டோடு கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போயிருக்கிறார். மரம் முழுக்க நத்தைகுத்தி நாரைகள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லையாம். திரும்பி வந்ததும் அவனே வெடிக்கட்டை எடுத்து மாமனாரிடம் நீட்டினான். அவர் அதை வாங்கிப் பரணில், பழைய அண்டாவுக்குள் போட்டு மூடி வைத்தார்.