பாயிண்ட் 22 ரைஃபிளில் குரூப் சிதறுகிறது, எந்தத் தோட்டா வாங்கலாம்? அவசரம்

கடைசிவளையம்: ஞாயிற்றுக்கிழமை போட்டி. என் பாயிண்ட் 22 திடீரென்று சொன்ன பேச்சு கேட்கவில்லை. மூன்று கம்பெனி தோட்டா மாற்றிப் பார்த்துவிட்டேன், எல்லாமே சிதறுகிறது, அட்டையில் ஓட்டைகள் ஒரே இடத்தில் குவியவில்லை (குரூப் ஆகவில்லை). நல்லதாக ஒன்று சொல்லுங்கள், நாளைக்கே வாங்க வேண்டும்.

காற்றுமானி: எத்தனை மீட்டர்? ஸ்கோப்பா, துளை வழியாகக் குறி பார்க்கும் பீப் சைட்டா? படுத்துச் சுடுகிறீர்களா, மேஜையில் மூட்டை வைத்தா? எதுவும் சொல்லாமல் தோட்டா பெயர் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

வேகத்தடை: ஹை வெலாசிட்டி, அதாவது அதிவேகத் தோட்டா வாங்கியிருப்பீர்கள், அதுதான் வில்லன். நொடிக்கு 380 மீட்டர் வாக்கில் கிளம்பும். வழியில் ஒலியின் வேகத்துக்கு, அதாவது 340 பக்கம், இறங்கும்போது குண்டு தடுமாறும். ஸ்டாண்டர்டு வேகத் தோட்டா 325 வாக்கில்தான் கிளம்புகிறது, அந்தத் தொல்லையே கிடையாது.

கடைசிவளையம்: 50 மீட்டர், ஸ்கோப், மேஜை. மூன்றுமே ஸ்டாண்டர்டுதான். ஒவ்வொன்றிலும் 5 சுட்டேன்.

பழையகுழல்: வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. 5 சுட்டு முடிவு கட்டுகிறவருக்குப் போட்டிக்கான மேட்ச் தோட்டா எதற்கு? முதலில் டிரிகரை வெடுக்கென்று இழுக்காமல் அழுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்.

மெழுகு: அவர் கடுகடுத்தாலும் அந்த 5 பற்றிச் சொன்னது சரி. இந்தக் குண்டுகளின் மேலேயே மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மாற்றியதும் முதல் 10, 15 குண்டுகள் பழைய பூச்சைத் துடைத்துப் புதியதை ஏற்றுவதிலேயே போய்விடும். அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்புறம், பெட்டி ஒன்றுபோல இருந்தாலும் லாட் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) மாறினால் என் ரைஃபிளில் குரூப்பும் மாறுகிறது. பிடித்த லாட் கிடைத்தால் மொத்தமாக வாங்கி வைத்துவிடுவேன்.

வெள்ளைத்துணி: குழலைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள்? தோட்டா உட்காரும் சேம்பருக்கு முன்னால் கரி வளையமாகக் கட்டியிருக்கும். நான் சுடுகிற அன்றைக்கே துடைத்துவிடுவேன்.

மெழுகு: துடைத்தால் மறுபடி பூச்சு ஏற வேண்டுமே! நான் 500 குண்டுக்கு ஒருமுறைதான்.

வெள்ளைத்துணி: 500ஆ! அது குழலா, புகைபோக்கியா?

பழையகுழல்: வாய்ப்பக்கமாகத் துடைக்கும் கம்பியை விட்டு விளிம்பைத் தேய்த்துக் கெடுத்த குழல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அழுக்கால் செத்த குழலை இன்னும் பார்க்கவில்லை.

வெள்ளைத்துணி: நான் பின்பக்கமாகத்தான் விடுகிறேன், அதுவும் கம்பி குழலில் உரசாமல் பிடிக்கும் கைடு போட்டு. தெரியாமல் பேசாதீர்கள்.

காற்றுமானி: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கடைசிவளையம், ஓட்டைகள் எப்படி விழுகின்றன? மேலும் கீழுமாகவா, பக்கவாட்டிலா?

கடைசிவளையம்: இப்போதுதான் கவனித்தேன். இரண்டு குவியல். 3 ஓரிடத்தில், 2 ஒரு விரற்கடை மேலே. மூன்று அட்டையிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

காற்றுமானி: இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். மோசமான தோட்டா பரவலாகச் சிதறும், இரண்டு வீடு கட்டிக் குடியிருக்காது. ஏதோ ஒன்று தளர்ந்து இரண்டு நிலையில் மாறி மாறி உட்காருகிறது. தோட்டா இல்லை என்று பார்த்து, போல்ட்டை (தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் பகுதி) கழற்றுங்கள். குழலும், தோளில் வைக்கும் கட்டையும் சேரும் இடத்தில் இரண்டையும் தொடும்படி விரலை வைத்துக்கொண்டு முன் ஆக்‌ஷன் ஸ்க்ரூவை (ரைஃபிளைக் கட்டையோடு பிணைக்கும் திருகு) தளர்த்தி இறுக்குங்கள். விரலுக்கடியில் குழல் நகர்ந்தால் கட்டையில் அது சரியாக உட்காரவில்லை. பிறகு ஸ்கோப் மவுண்ட். கடைசியாக, ரைஃபிளைத் தொடாமல் தலையை மட்டும் அசைத்துப் பாருங்கள். குறுக்குக்கோடு அட்டையில் நடந்தால் பேரலாக்ஸ். 100 மீட்டருக்கு வைத்த ஸ்கோப் 50இல் இப்படிச் செய்யும்.

கடைசிவளையம்: முன் ஸ்க்ரூ விரலாலேயே சுற்றியது! போன மாதம் கட்டைக்குப் பாலிஷ் போடக் கழற்றினேன், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். இறுக்கிவிட்டேன். 10 குண்டில் 8 நடுவிலுள்ள பத்தாம் வளையத்துக்குள். நன்றி அண்ணா, போட்டிக்குக் கிளம்புகிறேன்.

பழையகுழல்: அந்த வளையமே 10.4 மில்லிமீட்டர்தான், பரவாயில்லை. இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் அளந்து இறுக்கினீர்களா, கைக்கணக்கா?

மெழுகு: அவர் போய்விட்டார்.

வெள்ளைத்துணி: கட்டையைப் பிரித்த கையோடு குழலையும் துடைத்திருக்கலாம்.