தக்காளி ஹைப்ரிட்: மொட்டு மஞ்சளாகும் முன்னாடியா, பின்னாடியா?

பச்சைமொட்டு:
"விரிந்த தக்காளிப் பூவில் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவினால் போதும், புது ஹைப்ரிட் தயார்"னு ஒரு பதிவு சுத்திக்கிட்டு இருக்கு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. தக்காளிப் பூவில் மகரந்தப்பைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கூம்பாகி, நடுவுல இருக்கிற பெண் உறுப்பான சூல்தண்டைப் பொத்தி வெச்சிருக்கும். பூ விரியும்போதே தூள் உள்பக்கமாக் கொட்டி, தண்டு நுனியான சூலகமுடியில் சொந்த மகரந்தம் ஏறிடும். அதுக்கப்புறம் நீங்க தடவுறது பந்தி முடிஞ்சு இலை போடுற கதை. விரியறதுக்கு முந்தின நாள் சாயங்காலமே கூம்பை எடுக்கணும். மஞ்சளாயிட்டா காலம் போச்சு.

வெண்டைப்பூ:
எல்லாம் சரி, கடைசி வரி தப்பு. வெளிர் மஞ்சள்தான் சரியான கட்டம். புல்லி இதழ் விலக ஆரம்பிச்சு, உள்ளிதழ் நுனி எட்டிப் பார்க்கணும். அதுக்கு முன்னாடி, இறுகின பச்சை மொட்டுல இடுக்கியை விட்டா சூல்தண்டு முறியும், சூலகம் நசுங்கும், சில நாள்ல காம்புக் கணுவோட உதிரும்.

பச்சைமொட்டு:
மஞ்சள்னா காலம் போச்சு. கை நடுங்கினா எந்த மொட்டும் முறியத்தான் செய்யும். கூர்நுனி இடுக்கியால கூம்போட பக்கவாட்டுல ஒரு கீறல், அப்படியே மேலே இழுங்க. இதழும் கூம்பும் சேர்ந்தே கழண்டு வரும். சூல்தண்டு மட்டும் ஊசி மாதிரி நிக்கணும். லென்ஸ் வெச்சுப் பாருங்க, முடியில தூள் தெரிஞ்சா அந்தப் பூவைக் கிள்ளிப் போடுங்க. அடுத்த பூவுக்குப் போறதுக்கு முன்னாடி இடுக்கியை ஆல்கஹால்ல துடைக்கணும். இதை மட்டும் யாரும் செய்யறதில்லை.

விதைக்கிண்ணம்:
ஒரு சந்தேகம். ரெண்டு பேரும் சொல்ற மஞ்சள் எது? இதழா, உள்ளே இருக்கிற கூம்பா? அப்புறம் ஹைப்ரிட்னு சொல்றது முதல் தலைமுறையையா, விதை போட்டா மாறாம வர்ற நிலைச்ச புது ரகத்தையா?

வெண்டைப்பூ:
யாருக்குக் கை நடுங்குது? ரோஜா விதையை 4 டிகிரியில் குளிர வைக்கணும்னு பேசினப்போ "ஃப்ரீசர்ல போடுங்க"ன்னு எழுதின மகராசன் யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். வெளிர் மஞ்சள்ல பை இன்னும் வெடிச்சிருக்காது சார்.

பச்சைமொட்டு:
அது தட்டச்சுப் பிழை, அப்பவே திருத்தியாச்சு. தோத்தவங்கதான் பழைய கணக்கைத் தூக்கிட்டு வருவாங்க. மஞ்சள்னா காலம் போச்சு.

கொடிவீரன்:
இவ்வளவு மல்லுக்கட்டு எதுக்கு? தாய்ச்செடியா, ஓரம் வெட்டுப்படாத உருளைக்கிழங்கு இலை ரகத்தை வையுங்க, அது ஒடுங்கு பண்பு, சாதாரண இலையோட கலந்தா வெளியே தெரியாது. தந்தைக்கு நிலைச்ச சாதாரண இலை ரகம். நாத்து நாலஞ்சு இலை விட்டதும் தெரிஞ்சுடும்: ஓரம் வெட்டுப்பட்டு வந்தா கலப்பு, உருளைக்கிழங்கு இலையாவே வந்தா தன்மகரந்தம், பிடுங்கிடலாம்.

பச்சைமொட்டு:
நல்லா இருக்கு. ஆனா இலைக்காகவே தாயைத் தேடினா, ருசிக்கும் நோய் தாங்குற குணத்துக்கும் யாரைத் தேடுறது? கல்யாணப் பொண்ணை வளையலைப் பார்த்து முடிவு பண்ற மாதிரி.

தொட்டாப்போதும்:
என் பதிவைத்தான் கிழிக்கிறீங்கன்னு இப்பதான் பார்த்தேன். பூசணி, பாகல்ல யாராவது மகரந்தப்பை நீக்கறாங்களா? தடவினா காய்க்கலையா?

வெண்டைப்பூ:
ஐயா, அதுல ஆண் பூ வேற, பெண் பூ வேற! நீக்க என்ன இருக்கு? அதுலயும் முந்தின சாயங்காலமே ரெண்டு மொட்டையும் கட்டி வெச்சு, காலையில அவிழ்த்துத் தடவி, பெண் பூவைத் திரும்பக் கட்டணும். இல்லேன்னா தேனீ உங்களை முந்திடும்.

தொட்டாப்போதும்:
சரி, மாவுக்கு வாங்க. மல்லிகா, ஆம்ரபாலி ரெண்டுமே நீலம், தஷேரி கலப்புதான். ஒண்ணுல நீலம் தாய், இன்னொண்ணுல தஷேரி தாய். பழம் ஒண்ணாவா இருக்கு? தாயை மாத்தினாலே ரகம் மாறும்னு தெரியுதில்ல? நீங்க மஞ்சளைப் பிடிச்சுத் தொங்குறீங்க.

பச்சைமொட்டு:
தெரியலை. மாவுல பெற்றோர் மரமே கலப்பு மரம். அதனால ஒரே பக்கமாக் கலந்தாலும் ஒவ்வொரு கொட்டையும் ஒவ்வொரு பிள்ளை. அதுல தேறின ஒரு மரத்தை எடுத்து ஒட்டுக்கட்டிப் பெருக்கினாங்க, அவ்வளவுதான். தக்காளியில் ரெண்டு பெற்றோரும் நிலைச்ச ரகமா இருந்தா முதல் தலைமுறையான எஃப்1 செடி எல்லாம் ஒரே அச்சு. அடுத்த தலைமுறையான எஃப்2ல குணம் பிரியும், ஒடுங்கு பண்பு நாலுல ஒண்ணுல தலைகாட்டும். அங்கிருந்து தேர்ந்தெடுத்து நிலைக்க வைக்க ஆறேழு தலைமுறை ஆகும். இதையெல்லாம் தாண்டி வரணும்னா முதல் மொட்டு சரியா இருக்கணும்.

விதைக்கிண்ணம்:
கூம்பா, இதழா?

வெண்டைப்பூ:
பாடம் நடத்தினது போதும். கலப்பு பண்ணின பூவை எப்படி அடையாளம் வைக்கிறதுன்னு சொல்லலையே? காம்புல கலர் நூல் கட்டணும்.

பச்சைமொட்டு:
நூல் காய் பருக்கும்போது காம்பை அறுக்கும். ரெண்டு புல்லி இதழைக் கத்தரிச்சு விடுங்க, காய் பழுக்கிற வரைக்கும் அந்த வெட்டு நிக்கும்.

வெண்டைப்பூ:
தளர்வாக் கட்டத் தெரிஞ்சவங்களுக்கு அறுக்காது. புல்லி வெட்டைப் பார்த்தா இது எந்தத் தந்தையோட கலப்புன்னு தெரியுமா? நூல்ல தந்தைக்கு ஒரு நிறம் வைக்கலாம்.

பச்சைமொட்டு:
சீட்டு எழுதி மாட்டுங்க, யாரு வேண்டாம்னா? தளர்வாக் கட்டின நூல் காத்துக்கு நழுவிப் பக்கத்துக் காயில் போய் உக்காரும். மொட்டு மஞ்சளானா காலம் போச்சுன்னு எத்தனை தடவை சொல்றது?