சொல் தேவை: தீயும் பற்றும், பட்டால் சதையையும் கெடுக்கும் திரவத்துக்கு என்ன பெயர்?

அன்பு நண்பர்களுக்கு,

ரசாயன விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேருகிறவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவும் கனடாவும் மெக்சிகோவும் சேர்ந்து நான்காண்டுக்கு ஒருமுறை வெளியிடும் ஆரஞ்சு அட்டைக் கையேடு, 2024 பதிப்பு. லாரி கவிழ்ந்து கிடக்கும், பீப்பாய் உடைந்திருக்கும். பலகையில் உள்ள எண்ணைப் பார்த்து, அதற்குரிய பக்கத்தைப் புரட்டி, நின்ற நிலையிலேயே படித்துவிட்டு வேலையில் இறங்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் புத்தகம்.

மற்ற பக்கங்கள் எப்படியோ ஓடிவிட்டன. 132ஆம் வழிகாட்டியின் தலைப்பில் நான்கு நாளாக நிற்கிறேன். 'பிளேமபிள்', 'கரோசிவ்' இரண்டும் சேர்ந்த திரவங்கள் அந்தப் பக்கத்தில் வருகின்றன.

முதலில் 'எரியும், அரிக்கும் திரவம்' என்று எழுதினேன். எதுகை வேறு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது, மகிழ்ச்சிதான். அப்புறம் அதை முகமூடிக்குள்ளிருந்து வாக்கிடாக்கியில் ஒருவர் கத்துவதாக நினைத்துப் பார்த்தேன். எரி, அரி. ஓர் உயிரெழுத்துத்தான் வித்தியாசம். பம்ப் ஓடும் சத்தத்தில் எது எதுவாகக் காதில் விழும் என்று யாருக்குத் தெரியும்?

அதோடு 'எரி' என்பதே நம் மொழியில் இரண்டு வேலை பார்க்கிறது. விறகு எரிகிறது, கண்ணும் எரிகிறது. எரிசோடாவில் தீக்குச்சியை வைத்தால் அது எரியாது. அது எரிவது நம் கையில். ஆகவே தீ என்றால் தீ என்றே சொல்லிவிடுவோம் என்று 'தீப்பற்றும்' என மாற்றிக்கொண்டேன். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன்.

'அரி'தான் தலைவலி. பீப்பாயின் மேல் 'அரிப்புப் பொருள்' என்று போட்டால், படிப்பவர் என்ன நினைப்பார்? சொறிந்துகொண்டால் போயிற்று என்றுதான். நமக்கு அரிப்பு என்றால் தோலில் வரும் நமைச்சல். அது இல்லையென்றால் கறையான் அரிப்பது, ஆற்று நீர் கரையை அரிப்பது. எல்லாமே மெல்ல நடப்பவை. அடர் அமிலம் கண்ணில் தெறித்தால் கறையானைப் போலப் பொறுமையாக வேலை செய்யாது. சுருக்கி 'அரிதிரவம்' என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ அரிதாகக் கிடைக்கும் திரவம் போல இருக்கிறது. 'புண்ணாக்கி' என்று ஒன்று தோன்றியது. பீப்பாயில் 'தீப்பற்றும் புண்ணாக்கி' என்று எழுதினால் மாட்டுக்கு வைத்துவிடுவார்கள்.

வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?

* * *

மறுமொழி

வணக்கம். நான் வேதியியல் நடத்துபவள். பாடநூல்களில் கரோஷன் என்பதற்கு 'அரிமானம்' நன்றாக நிலைத்துவிட்டது. அதைத் தூக்கி எறியாதீர்கள். 'அரிப்பு' குழப்பும் என்பதால்தான் 'அரிமானம்' என்று ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார். 'அரிமானப் பொருள்' என்றால் யாரும் சொறிய மாட்டார்கள்.

ஆனால் உங்கள் சிக்கல் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. அரிமானம் என்றதும் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது துருப்பிடித்த ஆணி. தோல் நினைவுக்கு வருவதில்லை. பன்னாட்டு வகைப்பாட்டில் இது இரண்டு தனித்தனிச் சோதனை. தோலில் பட்டால் மீளாத சேதம் உண்டாக்குவது ஒன்று. மற்றொன்று உலோகத்துக்கு: 55 டிகிரி செல்சியசில் எஃகையோ அலுமினியத்தையோ ஆண்டுக்கு 6.25 மில்லிமீட்டருக்கு மேல் கரைத்தால் அது உலோகத்தை அரிப்பது என்று கணக்கு. இரண்டிலும் அகப்படுபவை உண்டு, ஒன்றில் மட்டும் அகப்படுபவையும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் நாமும் ஒரே சொல்லில் அடைக்கத்தான் வேண்டுமா என்ன?

உலோகம் சின்ன விஷயம் என்றும் நினைத்துவிடாதீர்கள். பல அமிலங்கள் உலோகத்தோடு வினைபுரிந்தால் ஹைட்ரஜன் வரும். தீப்பற்றும் திரவம் சிந்திய இடத்தில் ஹைட்ரஜனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தகர வாளியில் அள்ளாதே என்பது அதனால்தான்.

பேச்சு வழக்கில் 'ஆசிட் இரும்பையே தின்னுடும்' என்போம். 'தின்' என்ற வினை தோலுக்கும் பொருந்தும், இரும்புக்கும் பொருந்தும். அதை வைத்து ஏதாவது செய்யுங்களேன்.

* * *

மறுமொழி

அம்மா, அருமை! 'தீப்பற்றும், தின்னும் திரவம்'. மூன்றும் 'த'வில் தொடங்குகின்றன. எதுகை போனால் போகட்டும், மோனை கிடைத்துவிட்டது. எரி, அரி போலக் காதில் குழம்பவும் குழம்பாது. வேறு யாரும் ஏதும் சொல்லவில்லை என்றால் நாளை இதையே போட்டுவிடுகிறேன்.

* * *

மறுமொழி

தம்பி, போட்டுவிடாதே. தீயணைப்பில் முப்பது வருஷம் இருந்தவன் சொல்கிறேன்.

தின்னும் பண்டம் என்றால் என்ன? நாம் தின்கிற பண்டம். குடிக்கும் நீர் என்றால் நாம் குடிக்கிற நீர். அப்படியென்றால் தின்னும் திரவம்? பெயருக்கு முன்னால் இப்படி மொட்டையாக ஒரு 'உம்' வினையைப் போட்டால், அந்தப் பெயர் தின்கிறதா தின்னப்படுகிறதா என்று தமிழில் தெரியாது. கூட ஒரு சொல் வேண்டும். மற்ற இடத்தில் இது இலக்கண வம்பு. பீப்பாய் மேல் என்றால் ஆபத்து.

இன்னொன்று. இந்தப் பக்கத்துக்குத் தனியாகத் தலைப்பு எதற்கு என்று யோசித்தாயா? தீ மட்டும் என்றால் எங்களுக்குப் பழக்கம். அமிலம் மட்டும் என்றால் அதற்கு உடுப்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கையைக் கட்டிவிடும். தீயணைப்பு உடுப்பு சூட்டைத் தாங்கும். ரசாயனத்தை உறிஞ்சிக்கொண்டு உடம்போடு ஒட்டவைத்துவிடும். ரசாயன உடுப்பு திரவத்தை உள்ளே விடாது, ஆனால் தீ பட்டால் உருகும். எதைப் போட்டுக்கொண்டு உள்ளே போவது? பெரிய தீ என்றால் உள்ளே போகாமல் இருப்பதுதான் பதில் என்று அந்தப் பக்கமே சொல்கிறது. ஆளில்லாமல் தானே நின்று பீய்ச்சும் பீரங்கிக் குழாயை வைத்துவிட்டு விலகு. டேங்கர் தீயில் மாட்டியிருந்தால் எல்லாப் பக்கமும் 800 மீட்டர். வால்வு சீறுகிற சத்தம் ஏறிக்கொண்டே போனாலோ தொட்டியின் நிறம் மாறினாலோ உடனே திரும்பு. தீ இல்லாமல் வெறுமனே சிந்தியிருந்தால்கூடக் குறைந்தது 50 மீட்டர்.

ஆகவே தலைப்பைப் படித்ததும் ஆள் ஓர் அடி பின்னால் வைக்க வேண்டும். 'தீப்பற்றும்' என்றால் தீயணைப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு முன்னால் ஓடுவான். அடுத்த சொல்தான் அவனைப் பிடித்து நிறுத்த வேண்டும். அரிமானம் என்றால் நிற்க மாட்டான், அது உறுதி.

ஆரஞ்சுப் பலகையின் மேல் எண்ணையும் கவனி. மேலே இருப்பது ஆபத்தைச் சொல்லும் எண், கீழே இருப்பது பொருளின் அடையாள எண். அடர் அசிட்டிக் அமிலத்துக்கு மேலே 83, கீழே 2789. டைஎத்திலமினுக்கு மேலே 338, கீழே 1154. மூன்று என்றால் தீப்பற்றும் திரவம், எட்டு என்றால் நீ தேடிக்கொண்டிருக்கிற அந்தச் சங்கதி. எது முன்னால் நிற்கிறதோ அதுதான் பெரிய ஆபத்து. இரட்டித்து 33 என்று வந்தால் மிக எளிதாகப் பற்றும் என்று பொருள். இரண்டுக்கும் ஒரே 132தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. உன் சொல்லில் இந்த வரிசை தெரியுமா?

* * *

மறுமொழி

ஐயா, மோனை ஆசையில் நான் பார்க்காமல் விட்டது அது. 'தின்னும் திரவம்' கைவிடப்பட்டது. நாளைக்குள் போட்டுவிடுவேன் என்று எழுதிய என் அவசரத்தையும் மன்னித்துவிடுங்கள்.

ராத்திரி முழுக்க 'தின்' என்பதையே மென்றுகொண்டிருந்தேன். எறும்புதின்னி நினைவுக்கு வந்தது. எறும்புதின்னியை யாரும் தின்பண்டம் என்று நினைப்பதில்லை. எதைத் தின்கிறது என்பது முன்னால் வந்து, தின்பவர் யார் என்பதை 'இ' விகுதி சொல்லிவிடுகிறது. ஆகவே:

தோல்தின்னி. இரும்புதின்னி.

அம்மா சொன்ன இரண்டு சோதனைக்கும் இரண்டு சொல். இரண்டிலும் அகப்படுவதை 'தோல்தின்னி, இரும்புதின்னி' என்று இரண்டையும் போட்டே எழுதலாம். நீளம்தான், பரவாயில்லை. அலுமினியத்தைத் தின்பதையும் இரும்புதின்னி என்பதா என்று கேட்பீர்கள். 'உலோகந்தின்னி' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. கட்டுரைகளிலும் அகராதியிலும் அரிமானம் அப்படியே இருக்கட்டும். இது விபத்து அட்டைக்கான சொல்.

வரிசைக்கும் தமிழ் கைகொடுக்கிறது. நம் தொடரில் முதன்மைச் சொல் கடைசியில்தான் வரும். எட்டு முன்னால் நிற்கும் அசிட்டிக் அமிலம் 'தீப்பற்றும் தோல்தின்னி': அடிப்படையில் தோல்தின்னி, தீயும் பற்றும். மூன்று முன்னால் நிற்கும் டைஎத்திலமின் 'தோல்தின்னும் தீத்திரவம்': அடிப்படையில் தீத்திரவம், தோலையும் தின்னும். அசிட்டிக் அமிலத்தின் ஆவி பற்றிக்கொள்ள ஏறத்தாழ 39 டிகிரி வேண்டும். டைஎத்திலமினுக்குச் சுழியத்துக்குக் கீழேயே போதும். சொல் வரிசை மாறியதும் பொருளும் சரியாகவே மாறுகிறது. பக்கத்தின் பொதுத் தலைப்புக்கு 'தீத்திரவம் – தோல்தின்னி' என்று நடுவில் கோடு போட்டுவிடலாம்.

* * *

மறுமொழி

விலங்குக் காட்சிச் சாலையில் வைக்கும் பலகை மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள். இருந்தாலும் மறக்க மாட்டார்கள். அரிமானத்தை அகராதியில் வைத்துக்கொண்டதற்கு நன்றி, எனக்கு ஒப்புதல்.

ஒரு வேண்டுகோள்: 'தோலில் பட்டால்' என்று தொடங்கும் வரியில் நடுநிலையாக்குவது பற்றி யாரும் தானாக எதையும் சேர்த்துவிட வேண்டாம். அமிலம் பட்ட கையில் காரத்தை ஊற்றினால் சரியாகிவிடும் என்று மாணவர்கள் தேர்வுத்தாளிலேயே எழுதுகிறார்கள். வினையில் வரும் வெப்பம் புண்ணை இன்னும் மோசமாக்கும். ஓடும் நீரில் குறைந்தது 30 நிமிடம். அவ்வளவுதான்.

* * *

மறுமொழி

அம்மா, அப்படியே எழுதியிருக்கிறேன். 'ஓடும் நீர்' என்றே இருக்கிறது, 'கழுவவும்' என்று மட்டும் விட்டுவிடவில்லை.

மீதிச் சொற்கள் சண்டையில்லாமல் முடிந்தன. சிந்தியது ஓடாமல் தடுக்க மண்ணால் கட்டுவதற்கு 'தடுப்பணை' என்று எழுதியிருந்தேன், 'வரப்பு' என்று மாற்றிவிட்டேன். வரப்பு கட்டு என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். உறிஞ்சவைக்க மண்ணோ மணலோ மட்டும், மரத்தூள் கூடாது. ஹைட்ரசின் என்றால் உலர்ந்த மணல். 'காற்றுக்கு எதிர்த்திசை' என்பது எந்தத் திசை என்று எனக்கே குழப்பமாக இருந்தது. 'காற்று முதுகில் படும்படி நில்' என்று ஆக்கிவிட்டேன். ஆவி தரையோடு தவழ்ந்து போய் எங்கோ நெருப்பைத் தொட்டு, அந்த நெருப்பு சிந்திய இடத்துக்கே ஓடிவருவதற்கு 'திரும்புதீ'.

ஒன்றுதான் பாக்கி. 'ஆல்கஹால் தாங்கும் நுரை' என்று இருக்கிறது. சிந்தியது அசிட்டிக் அமிலம், ஆல்கஹாலே இல்லையே, பிறகு எதற்கு இந்த நுரை என்று படிப்பவர் சாதாரண நுரையை எடுத்துவிட்டால்? நீரோடு கலக்கும் எந்தத் திரவமும் சாதாரண நுரையைக் குலைத்துவிடும் என்பதுதானே விஷயம். 'குலையாநுரை' என்று வைக்கலாமா, ஐயா?

* * *

மறுமொழி

வை. ஆனால் பக்கத்திலேயே ஏ.ஆர். நுரை என்றும் போடு, 'ஆல்கஹால் தாங்கும்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. டப்பாவின் மேல் அப்படித்தான் இருக்கும், பையன்களும் அப்படித்தான் கேட்பார்கள்.