கோடை விடுமுறையில் ஆய்வகத்துக்குப் போன கதை

தென்காசி, பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவள்

கோடை விடுமுறையில் ஆய்வகத்தில் வேலை பார்க்கப் போனவர்கள் தங்கள் அனுபவத்தை இங்கே எழுதச் சொல்லியிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டில், அக்டோபர் வாக்கில், எங்கள் மேடம் ஓர் அறிவிப்பை வகுப்பில் வாசித்தார். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் (பழைய அலகாபாத்) இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டம். இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம், உதவித்தொகையும் உண்டு. இதெல்லாம் ஐஐடி பிள்ளைகளுக்கு என்று நாங்கள் யாரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மேடம் என்னைத் தனியே கூப்பிட்டு விண்ணப்பிக்க வைத்தார். மே மாதம் போவதற்குத் தீபாவளி சமயத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. ஏப்ரலில் பரீட்சை முடிந்த பிறகு தேட ஆரம்பிக்கிறார்கள்.

ஏன் ஆய்வு செய்ய ஆசை என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். 'சிறு வயது முதலே அறிவியலில் தணியாத ஆர்வம்' என்று ஆரம்பித்திருந்தேன். மேடம் அந்த வரியை அடித்தார். "உங்க தொழுவத்துல ஈ ஏன் ஒரு மாட்டை மட்டும் அதிகமா மொய்க்குதுன்னு கேட்டியே, அதை எழுது" என்றார். எழுதினேன். கிடைத்ததும் ஈ ஆய்வகம்தான், ஆனால் பழ ஈ, அதாவது டிரோசோபிலா.

பெங்களூருவில் முதல் நாளே தடுமாற்றம். பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். எனக்கு நாக்கு வரவில்லை, கடைசி நாள் வரை சார்தான். பிஎச்டி செய்யும் வங்காளப் பெண் ஒருவரிடம் என்னை ஒப்படைத்தார்கள். அவரை அக்கா என்றேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்.

வேலை என்ன தெரியுமா? விர்ஜின் கலெக்‌ஷன், அதாவது இன்னும் இணையாத பெண் ஈக்களைப் பிரித்தெடுப்பது. பெண் ஈ ஒருமுறை இணைந்துவிட்டால் விந்தைப் பல நாள் உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும். அதனால் நாம் விரும்பும் ஆணோடு கலப்பு செய்ய, இதுவரை இணையாத பெண்தான் வேண்டும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், கூட்டை விட்டு வெளிவந்த முதல் 8 மணி நேரம் இணையாது. காலையில் பாட்டிலில் இருப்பதையெல்லாம் தட்டிக் காலி செய்துவிட்டு, மத்தியானம் புதிதாக வந்தவற்றைப் பிரிக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு வரும் தட்டில் ஈக்கள் மயங்கிக் கிடக்கும். நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, படம் வரையும் தூரிகையால் புரட்டிப் பார்க்க வேண்டும். ஆணுக்கு முன்னங்காலில் சீப்பு மாதிரி கறுப்பாக ஒரு முள்வரிசை இருக்கும். அப்போதுதான் வெளிவந்த பெண் வெளுத்துப் போயிருக்கும், வயிற்றுத் தோல் வழியாகக் கரும்பச்சைப் புள்ளி ஒன்று தெரியும். அந்தப் புள்ளி இருந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரம் கனவிலும் ஈதான்.

பயிற்சிக்காக வெள்ளைக் கண் பெண்ணையும் சிவப்புக் கண் ஆணையும் கலக்கச் சொன்னார்கள். மரபியல் அறிஞர் தாமஸ் ஹன்ட் மார்கன் 1910இல் எழுதிய அதே வெள்ளைக் கண். மரபியல் தாளில் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். மகன்களுக்கு வெள்ளை, மகள்களுக்குச் சிவப்பு வர வேண்டும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் வெள்ளைக் கண்ணோடு மகள்கள், அதுவும் கும்பலாக. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அரை மணி நேரம் மிதந்தேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, பெண் ஈக்கள் இணையாதவைதானா என்று தெரிய, கலப்புக்கு முன் அவற்றை மூன்று நாள் தனியாக வைத்துப் புழு வருகிறதா என்று பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. இருப்பதே எட்டு வாரம், எனக்கு அவசரம். வெள்ளைக் கண் ஆண் ஒன்று என் குப்பிக்குள் சிக்கி, பெண் ஈக்களோடு முன்னாலேயே இணைந்திருக்கிறது. அவர் திட்டவில்லை. எந்தக் குப்பி, எந்தத் தேதி, என்ன தவறு என்று நோட்டில் எழுதச் சொன்னார். கடைசி அறிக்கையில் உருப்படியான முடிவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எம்.எஸ்சி.க்கு சார் தந்த பரிந்துரைக் கடிதத்தில் பாதி அந்த நோட்டைப் பற்றித்தான்.

விருதுநகர், நுண்ணுயிரியல் மாணவன்

எனக்கு அகாடமியில் கிடைக்கவில்லை அக்கா. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை இருந்தது. ஆண்டுக்கு 80,000 ரூபாய், அதில் 20,000 கோடை ஆய்வுக்கென்றே ஒதுக்கியது. யாரிடமாவது வேலை பார்த்து அறிக்கை கொடுத்தால்தான் அது வரும். ஒரே கடிதத்தை நாற்பது பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். ஒருவர் பதில் போட்டார்: "தம்பி, மேலே இருப்பது என் பெயர் இல்லை." அப்புறம் நான்கு பேரின் கட்டுரையை ஆளுக்கொன்று படித்து, புரியாத இடத்தைக் கேட்டு எழுதினேன். ஒருவர் வரச் சொன்னார்.

போனதும், மின்சாரம் செலுத்தி டிஎன்ஏ துண்டுகளைப் பிரிக்கும் முதல் ஜெல்லிலேயே சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிச் செருகினேன். டிஎன்ஏ நேர்மின் முனையை நோக்கித்தான் ஓடும். நீலச் சாயம் பின்பக்கமாக நகர்ந்து ஜெல்லை விட்டே வெளியேறியது. டிஎன்ஏவைப் பெருக்க மூன்று நாள் செய்த பி.சி.ஆர். வேலை தொட்டியின் பஃபர் கரைசலில் கரைந்தது.

நாகர்கோவில், முதலாம் ஆண்டு

அக்கா, எனக்கு 68 சதவீதம்தான். வீட்டிலும் தனியாக அனுப்ப மாட்டார்கள். விண்ணப்பிக்கலாமா?

தென்காசி

விண்ணப்பிம்மா. மார்க் பார்ப்பார்கள்தான், பொய் சொல்ல மாட்டேன். அதனால் மேலே தம்பி சொன்ன மாதிரி பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கும் கடிதம் எழுதி வை. என் அப்பா கூடவே வந்து விடுதி அறை, வார்டன், மெஸ் சாம்பார் எல்லாம் பார்த்த பிறகுதான் பஸ் ஏறினார். உன் அப்பாவையும் கூட்டிப் போ. எனக்கு உதவித்தொகை கைக்கு வர நாளானது, முதல் மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொள். பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாள் ராத்திரி கேட்காதே, மூன்று வாரம் முன்னாலேயே மேடத்திடம் சொல்லிவிடு.