அவசரம்: அடக்கவிலை 94, ஆர்டர் 80-க்கு. எடுக்கலாமா?

கத்துக்குட்டி: யாராவது சீக்கிரம் சொல்லுங்க சார். ஒரு பீஸ் அடக்கம் 94 (மூலப்பொருள் 40, கூலி 18, உற்பத்தியோட கூடிக் குறையற இதர செலவு, அதாவது மாறும் ஓவர்ஹெட் 10, எவ்வளவு செஞ்சாலும் மாறாத நிலையான ஓவர்ஹெட் 26). வழக்கமா 120-க்கு விக்கிறோம். புது பார்ட்டி ஒரே தடவை 2,000 பீஸ் வேணும், 80-தான் தருவேன்ங்கிறார். முதலாளி நாளைக்குள்ள பதில் கேக்கிறார். பீஸுக்கு 14 நஷ்டம்னு சொல்லிடவா?

பேரேடு: கெபாசிட்டி எவ்வளவு, இப்ப எவ்வளவு ஓடுது?

நாலணா: அந்த 26 எப்படியும் போற காசு. மத்தது 68. 80-ல 68 போனா பீஸுக்கு 12 மிச்சம், மொத்தம் 24,000. கண்ணை மூடிட்டு எடுங்க.

மூத்தகணக்கர்: கண்ணை மூடிட்டுத்தான் இங்க எல்லாரும் பதில் சொல்றாங்க. தம்பி, முதல் பாடத்தையாவது படிச்சிட்டு வந்து கேக்கலாம்.

கத்துக்குட்டி: மன்னிக்கணும். மாசம் 10,000 முடியும், 8,500 விக்குது. 2,000-ஐயும் இந்த மாசமே மொத்தமா கேக்கிறார்.

பேரேடு: அப்ப வழக்கமான விற்பனையில 500 போகும். அதுல பீஸுக்கு மிச்சம் 120 − 68 = 52. 500 × 52 = 26,000 இழப்பு. வரவு 24,000. கையை விட்டு 2,000 போகுது. கமிஷன், தனி அச்சு ஏதாவது உண்டா?

கத்துக்குட்டி: ஆமா, வழக்கமான விற்பனைக்கு 6 கமிஷன், 94-ல சேரலை. இவருக்குக் கமிஷன் இல்லை, ஆனா முத்திரை அச்சு 3,000.

நாலணா: கமிஷனால 3,000 மிச்சம், அச்சுக்கு 3,000 செலவு. சுத்திச் சுத்தி அதே 2,000 நஷ்டம்!

தராசு: கணக்கை விடுங்க. 80-க்குக் கொடுத்தது பழைய பார்ட்டிகளுக்குத் தெரிஞ்சா நாளைக்கு எல்லாரும் 80-தான் கேப்பாங்க.

நாலணா: முத்திரையே வேற, எப்படித் தெரியும்?

தராசு: சந்தையில தெரியாத ரகசியம் உண்டா? நீங்க வியாபாரம் பண்ணியிருக்கீங்களா?

நாலணா: உங்களை மாதிரி பயந்துக்கிட்டே பண்ணலை.

மூத்தகணக்கர்: சண்டை முடிஞ்சா ஒரு கேள்வி. கூலி பீஸ் ரேட்டா, மாசச் சம்பளமா? ஒருத்தரும் கேக்கலை.

கத்துக்குட்டி: மாசச் சம்பளம் சார். ஓவர்டைம் கிடையாது.

மூத்தகணக்கர்: அப்ப 18-ம் எப்படியும் போற காசுதான். உண்மையில மாறுறது பீஸுக்கு 50 மட்டும். புது ஆர்டர்ல மிச்சம் 80 − 50 = 30; 2,000 × 30 = 60,000. வழக்கமான விற்பனையில கமிஷன் போக 120 − 50 − 6 = 64; இழப்பு 500 × 64 = 32,000. அச்சு 3,000. மிச்சம் 25,000.

பேரேடு: அட, அதை மாறும் செலவுன்னே எடுத்துட்டேன்.

கத்துக்குட்டி: முதலாளி பேசி 1,500-க்கு ஒத்துக்க வெச்சுட்டார். எல்லாருக்கும் நன்றி.

பேரேடு: எந்த விலைக்கு?

தராசு: ஆளைக் காணோம்.