பஸ்காவுக்குப் பிசைந்து விளையாட எந்த மாவு?

வணக்கம். நியூ ஜெர்சியில் ஒரு யூதப் பாலர் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு வயதுப் பிள்ளைகள். காலையில் அவரவர் விருப்பப்படி விளையாட்டு. நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்போம். வெள்ளிக்கிழமை என்றால் மாவு மேசையில் இடம் கிடைக்காது. மூன்று திரி உருட்டி, சடை பின்னுவது போல ஹல்லா ரொட்டி (யூதர்களின் ஓய்வுநாளான ஷபாத்துக்குச் செய்யும் ரொட்டி) பின்னி, துணியால் மூடி, "ஷபாத் ஷாலோம்" என்று ஓய்வுநாள் வாழ்த்துச் சொல்லிப் பரிமாறுவார்கள். எண்ணுவது, பங்கிடுவது, முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அங்கேயே நடந்துவிடுகிறது. எழுத்து எப்போது சொல்லித்தருவீர்கள் என்று கேட்கும் பெற்றோருக்கு இந்த மேசையைத்தான் காட்டுகிறேன்!

இப்போது பஸ்கா நெருங்குகிறது; புளித்த மாவுப் பண்டங்களை விலக்கிவைக்கும் யூதப் பண்டிகை அது. கோதுமை, பார்லி, ஓட்ஸ் சேர்ந்த எதுவும் அதற்குள் வகுப்பைவிட்டு வெளியேற வேண்டும். கடையில் வாங்கும் விளையாட்டு மாவிலும் கோதுமைதான். அரிசி மாவு, சோள மாவு இரண்டையும் எங்கள் பள்ளியில் தவிர்க்கிறார்கள். உருளைக்கிழங்கு மாவுக்குத் தடையில்லை. அதில் பிசைந்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உப்பும் எண்ணெயும் என்ன அளவு? பிள்ளைகள் மாட்சா (பஸ்காவுக்கான புளிக்காத தட்டை ரொட்டி) செய்வதாகத் தட்டையாகத் தேய்த்து முள்கரண்டியால் குத்துவார்கள்; விரிசல் விடாமல் தாங்குமா? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? செய்முறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.